டீச்சரைக் கேளுங்கள்: "அந்த நெருப்பு எங்கே போகுது?"

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இயற்பியலைப் பற்றியவை. பினாங்கில் 1988 முதல் 2023 வரை இடைநிலைப் பள்ளிகளில் இயற்பியலும் அறிவியலும் நடத்தினேன். அந்த 35 ஆண்டுகளில் கண்ணால் பார்த்ததை வைத்தே பதில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் அறிவியலில் கெட்டிக்காரன். இப்போது நான்காம் படிவம். இயற்பியலில் 31 மார்க் வாங்கி வந்திருக்கிறான். சூத்திரமெல்லாம் தலைகீழாகச் சொல்கிறான், கேள்விதான் புரியவில்லையாம். "எல்லாம் மலாய்ல இருக்குதும்மா" என்கிறான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். நான் என்ன உதவி செய்ய முடியும், டீச்சர்?
(ஓர் அம்மா, ஜெலுத்தோங்)

பதில்: அம்மா, மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அவன் மனதில் தமிழில் ஓடும் யோசனையும் புத்தகத்தில் மலாயில் இருக்கும் வாசகமும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அதுதான் சிக்கல்.

நானும் அந்த வழியில் வந்தவள்தான். செபராங் பிறையில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, 1976-இல் புகுமுக வகுப்பு (தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்துக்கு முன் படிக்கும் ஓராண்டு), அதற்குப் பிறகு எல்லாமே மலாய். ஆசிரியை ஆன பிறகு, 2003-இல் அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னார்கள். 2012-இலிருந்து படிப்படியாக மலாய்க்குத் திரும்பினோம். 2016-இல் டி.எல்.பி. என்ற இருமொழித் திட்டம் வந்தது, சில பள்ளிகளில் மறுபடியும் ஆங்கிலம். இத்தனை மாற்றத்திலும் மாறாத ஒன்றைப் பார்த்தேன். எந்த மொழியில் நடத்தினாலும் பிள்ளைகள் தடுமாறிய இடங்கள் அதே இடங்கள்தான்.

ஒரு மாணவியைச் சொல்கிறேன். 'ஹாபா பெண்டாம்', அதாவது உள்ளுறை வெப்பம், என்றால் என்ன என்று கேட்டால் ஒரு சொல் பிசகாமல் மலாயில் ஒப்பிப்பாள். ஒரு நாள் அவளிடம் வேறு மாதிரி கேட்டேன். "பாத்திரத்துல ஐஸ் போட்டு அடுப்புல வைக்கிறோம். பாதி ஐஸ் உருகிடுச்சு, பாதி இருக்கு. கிண்டி விட்டுத் தெர்மாமீட்டரை வைத்தால் என்ன காட்டும்?" அவள் 30 டிகிரி என்றாள். பக்கத்தில் இருந்தவன் 20 என்றான். வகுப்பில் யாருமே சரியாகச் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாமல் எல்லா எண்களையும் கரும்பலகையில் எழுதி வைத்தேன்.

அப்புறம் செய்து பார்த்தோம். பீக்கரில் ஐஸ், கீழே பர்னர். அவளே கிண்டினாள். மூன்று நிமிடம் ஆனது, ஐந்து நிமிடம் ஆனது, பாதரசம் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. தெர்மாமீட்டரைத் தட்டிப் பார்த்தாள். "ரோசாக் (கெட்டுப்போச்சு), டீச்சர்" என்றாள். சரி, வேறொன்று எடுத்துக்கொள் என்றேன். அதுவும் பூஜ்யம். மூன்றாவதும் பூஜ்யம். அவள் குனிந்து பர்னரின் நீலச் சுடரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, அதுவரை என்னிடம் தமிழில் பேசத் தயங்கிய பெண், தமிழில் கேட்டாள்: "அப்போ அந்த நெருப்பு எங்கே போகுது, டீச்சர்?"

அந்தப் பாடத்தில் இதற்கு மேல் நல்ல கேள்வி கிடையாது. வெப்பம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஐஸின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பிடியைத் தளர்த்துவதில் அது செலவாகிறது. சூட்டை ஏற்ற மிச்சம் இல்லை. ஒரு கிலோ ஐஸை உருக்கத் தேவையான வெப்பம், அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரி வரை சூடாக்கப் போதும். அவ்வளவும் உள்ளே போய் மறைந்துகொள்கிறது. மலாயில் 'பெண்டாம்' என்றால் மனதுக்குள் அடக்கி வைப்பது, வெளியே காட்டாமல் புதைத்து வைப்பது. தமிழில் உள்ளுறை வெப்பம் என்கிறோம். இரண்டு மொழியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. அவள் அதுவரை அந்த மலாய்ச் சொல்லை ஒரு சொல்லாகவே கேட்டதில்லை, வெறும் ஒலியாக மனப்பாடம் செய்திருந்தாள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வாரத்தில் இரண்டு நாள், நீங்கள் சமைக்கும்போது அவனை அடுப்படியில் உட்கார வைத்து, அன்று படித்ததை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் திருத்த வேண்டாம், "புரியல, மறுபடி சொல்லு" என்றால் போதும். எந்த இடத்தில் அவன் தமிழை விட்டுவிட்டு மலாய் வரியை ஒப்பிக்க ஆரம்பிக்கிறானோ, அந்த இடம் அவனுக்குப் புரியவில்லை. அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும்.

இன்னொன்று. தமிழில் நாம் எல்லாவற்றையும் 'சக்தி' என்று சொல்லிவிடுகிறோம். அவனுக்கு மூன்று தனித்தனிச் சொற்கள் வேண்டும். 'டாயா' என்றால் விசை, 'தெனாகா' என்றால் ஆற்றல், 'குவாசா' என்றால் திறன். மின்கட்டண பில்லை எடுத்து அவன் முன்னால் வையுங்கள். சோறு வடிக்கும் ரைஸ் குக்கரின் அடியில் 700 வாட் என்று போட்டிருந்தால் அது குவாசா. மாதம் முழுக்க ஓடிய கணக்காகப் பில்லில் கிலோவாட் மணி என்று வருகிறதே, அது தெனாகா. நாம் காசு கொடுப்பது தெனாகாவுக்கு. இந்த ஒன்று தெளிவானால் ஐந்தாம் படிவ மின்சாரப் பாடத்தில் பாதிப் பயம் போய்விடும்.

கேள்வி: நான் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர். வகுப்பில் 38 பேர். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனால் போக வர, அடுக்கி வைக்க என்று ஒரு பாடவேளை போய்விடுகிறது. அதனால் சிலைடும் வீடியோவும் போட்டு ஓட்டுகிறேன். இது தப்பா, டீச்சர்?
(ஓர் ஆசிரியர், பட்டர்வொர்த்)

பதில்: தம்பி, உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். வீடியோ போடுவது தப்பில்லை. ஆனால் வீடியோ பார்க்கும் பிள்ளை எதற்கும் பந்தயம் கட்டவில்லை. அது 'ஓ அப்படியா' என்று பார்த்துவிட்டுத் தன் பழைய நம்பிக்கையோடு வீட்டுக்குப் போய்விடும்.

ஆய்வுக்கூடமே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் பழைய மாதிரி டார்ச்லைட் பல்பு பத்து, பெரிய பேட்டரி பத்து, வயர் கொஞ்சம் வாங்குங்கள். நாலு பேருக்கு ஒரு பல்பு, ஒரு பேட்டரி, ஒரே ஒரு வயர் கொடுத்து, "எரிய வையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். வேறெதுவும் சொல்லாதீர்கள்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பலரும் வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் தலையிலும் மறு முனையைப் பல்பின் அடியிலும் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சுவரில் சொருகும் பிளக்கைப் போல, ஒரு வழியாக மின்சாரம் வந்து சேர்ந்தால் போதும் என்பது அவர்கள் நினைப்பு. எரியாது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்பார்கள். பத்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு மூலையில் ஒரு குழு பல்பின் அடிப்புள்ளியைப் பேட்டரித் தலையில் உட்கார வைத்து, வயரைப் பல்பின் பக்கவாட்டு உலோகத்திலிருந்து பேட்டரியின் அடிக்குக் கொண்டுபோகும். எரியும். அப்போது எழும் சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். பரவாயில்லை. பல்புக்கு இரண்டு வாசல் உண்டு, சுற்று முழுமையாக வேண்டும் என்பதை நீங்கள் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

அடுத்து இரண்டாவது கேள்வி. "பல்புக்கு முன்னால் வயரில் ஓடும் மின்னோட்டம், பல்புக்குப் பின்னால் ஓடும் மின்னோட்டம், எது அதிகம்?" நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு பக்கத்தில் இருப்பவனோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லுங்கள். என் வகுப்புகளில் எந்த வருடமும் பெரும்பாலோர் எழுதியது 'முன்னால் அதிகம்' என்றுதான். பல்பு கொஞ்சம் சாப்பிட்டுவிடுகிறதாம். பிறகு அம்மீட்டரை முன்னால் வைத்துக் காட்டுங்கள், பின்னால் வைத்துக் காட்டுங்கள். முன்னால் 0.25 ஆம்பியர் என்றால் பின்னாலும் அதே 0.25. பிள்ளைகளின் முகத்தை அந்த நேரத்தில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பேட்டரி ஏன் தீர்கிறது என்று கண்டிப்பாக ஒருவன் கேட்பான். நான் சைக்கிள் சங்கிலியைச் சொல்வேன். சங்கிலி சுற்றிச் சுற்றி வருகிறது, எந்த இடத்திலும் அதன் கண்ணிகள் குறைவதில்லை. ஆனால் மிதிக்கிற கால் களைக்கிறது, பின்சக்கரம் ஓடுகிறது. சங்கிலி மின்னோட்டம். களைப்பு, ஓட்டம் இரண்டும் தெனாகாவின் கணக்கு.

இது முழுவதற்கும் ஒரு பாடவேளை ஆகும், உண்மைதான். ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு நடத்தினால் தொடர் இணைப்பு, பக்க இணைப்புக் கணக்குகளில் மூன்று பாடவேளை வீணாகும். நான் அப்படி வீணாக்கியிருக்கிறேன், என் முதல் நான்கைந்து வருடங்களில்.

ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள், சரியாகச் சொன்னால் உடனே தலையாட்டவும் செய்யாதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துப் பதிலை மாற்றிக்கொள்ளப் பிள்ளைகள் முதல் படிவத்திலேயே பழகியிருப்பார்கள். அவர்கள் பொருளைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம், உங்கள் ஆய்வுக்கூட உதவியாளரோடு நட்பாக இருங்கள். எந்த அலமாரியில் எந்த அம்மீட்டர் வேலை செய்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: கனமான பொருளும் லேசான பொருளும் ஒன்றாகத்தான் விழும் என்று என் மகள் படித்துவிட்டு வந்து சொல்கிறாள். எங்களுக்கு டுரியான் தோட்டம் இருக்கிறது. பழம் 'தொம்' என்று விழுகிறது, அதே மரத்து இலை ஆடி ஆடி வருகிறது. முப்பது வருடமாகப் பார்க்கிறேன். எதை நம்புவது?
(ஒரு தகப்பனார், பாலேக் பூலாவ்)

பதில்: ஐயா, உங்கள் கண்ணை நம்புங்கள். இலை மெதுவாகத்தான் விழுகிறது. மகள் படித்ததும் சரிதான், ஆனால் 'காற்று குறுக்கிடாவிட்டால்' என்ற பகுதியை அவள் விட்டுவிட்டாள்.

அவளைக் கூப்பிட்டு, ஒரு கனமான புத்தகத்தையும் ஒரு தாளையும் இரண்டு கையிலும் பிடித்து ஒன்றாக விடச் சொல்லுங்கள். தாள் பின்தங்கும். இப்போது அந்தத் தாளைப் புத்தகத்தைவிடச் சிறியதாக வெட்டி, புத்தகத்தின் மேலேயே வைத்து விடச் சொல்லுங்கள். விடுவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் என்ன ஆகும் என்று சொல்லிவிட வேண்டும். தாள் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டே கீழே வரும். காற்றைப் புத்தகம் விலக்கிவிட்டது, தாளுக்குத் தடை இல்லை. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் காற்றே இல்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன.

உங்கள் தோட்டத்திலேயே இன்னொன்று உண்டு. ஒன்றரைக் கிலோப் பழமும் மூன்று கிலோப் பழமும் ஒரே கிளை உயரத்திலிருந்து விழுந்தால் ஏறக்குறைய ஒரே நேரந்தான் எடுக்கும். பெரிய பழத்தைப் பூமி இரண்டு மடங்கு இழுக்கிறது. ஆனால் அதை அசைக்க இரண்டு மடங்கு இழுப்பு வேண்டியும் இருக்கிறது. இரண்டும் சரிக்குச் சரி. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் பழம் ஒன்றரை நொடிக்குள் தரைக்கு வந்துவிடும், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில். மகளைத் தொப்பி இல்லாமல் மரத்தடிக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: டியூஷன் நடத்துகிறேன். பெற்றோர் எல்லாரும் 'ராமாலான்' கேள்விதான் கேட்கிறார்கள், எது வரும் என்று ஊகித்துச் சொல்லச் சொல்கிறார்கள். கொடுக்காவிட்டால் வேறு சென்டருக்குப் போய்விடுகிறார்கள்.
(புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: கொடுங்கள், ஆனால் அதற்குள் உங்கள் வேலையைச் செய்துகொள்ளுங்கள். பழைய கேள்வியையே எடுத்து ஒரு எண்ணை நீக்கிவிடுங்கள். அல்லது படத்தில் இருக்கும் ஒரு அம்புக்குறியைத் திருப்பிப் போட்டு, "இப்போது என்ன மாறும்?" என்று கேளுங்கள். ஊகித்த கேள்வி அப்படியே வரும் என்று பிள்ளையிடம் மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். தேர்வு மண்டபத்தில் வேறு கேள்வியைப் பார்த்து உறைந்துபோன பிள்ளைகளின் பக்கத்தில் நான் மேற்பார்வைக்கு நின்றிருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: மகள் இயற்பியல் எடுக்க ஆசைப்படுகிறாள். பெண் பிள்ளைக்கு அது எதற்கு, கணக்கியல் படிக்கட்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நான் தொழிற்சாலையில் டெக்னிஷியன்.
(பாயான் லெப்பாஸ்)

பதில்: எடுக்கட்டும். கணக்கியல் நல்ல படிப்பு, அதை விரும்புகிற பிள்ளைக்கு. உங்கள் பிள்ளை விரும்புவது இது. 2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பாகுபாடு இல்லை, பாடங்களைத் தொகுப்பாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பொறியியல் பக்கம் போக நினைத்தால் இயற்பியலை விட்டது பிறகு உறுத்தும். பாயான் லெப்பாஸில் 1972-இல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியபோது, நம் பினாங்குப் பெண்கள் எத்தனையோ பேர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து சில்லுகளுக்கு வயர் ஒட்டினார்கள். அந்தச் சில்லு எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்களின் பேத்திகள் படிப்பதில் யாருக்கு என்ன வருத்தம்? ஒருநாள் விடுப்பில் கொம்தார் கட்டடத்தில் இருக்கும் டெக் டோம் அறிவியல் கூடத்துக்கு அவளை அழைத்துப் போங்கள். சொந்தக்காரப் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பினாங்குக் கொடிமலை ரயிலில் ஏறும்போது காது அடைக்கிறது, சிப்ஸ் பாக்கெட் உப்புகிறது. இரண்டுக்கும் ஒரே காரணமா, டீச்சர்?
(ஐந்தாம் படிவ மாணவன், ஆயர் ஈத்தாம்)

பதில்: ஒரே காரணந்தான் தம்பி, நீயே கண்டுபிடித்துவிட்டாய். மேல் நிலையம் ஏறக்குறைய 700 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைவு. பாக்கெட்டுக்குள்ளும் உன் செவிப்பறைக்குப் பின்னாலும் இருப்பது கீழேயிருந்து கொண்டுவந்த காற்று. அது வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. எச்சில் விழுங்கினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்து சமமாகிவிடும். பாக்கெட்டுக்கு அந்த வசதி இல்லை.

அடுத்த தடவை போகும்போது வேறொன்றையும் கவனி. நடுவழியில் எதிரே ஒரு பெட்டி இறங்கி வருமே, அதுவும் உன் பெட்டியும் ஒரே கம்பிவடத்தின் இரு முனைகள். இறங்குகிற பெட்டியின் எடை ஏறுகிற பெட்டியைத் தூக்க உதவுகிறது. இரண்டு பெட்டியிலும் ஒரே எடை இருந்தால் மோட்டார் எதற்காக உழைக்கிறது என்று யோசித்து எனக்கு எழுது. நான் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது பாதி வழியில் இறங்கி இன்னொரு பெட்டிக்கு மாறி ஏறுவோம். அப்போது யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை.

கேள்வி: நண்பகல் 12 மணிக்கு நிழல் காலடியில் விழும் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டுத் திடலுக்கு அழைத்துப் போனேன். விழவில்லை. பக்கவாட்டில் நீளமாகக் கிடந்தது. மாணவர்கள் முன்னால் சங்கடமாகிவிட்டது.
(ஓர் ஆசிரியை, நிபோங் திபால்)

பதில்: சங்கடப்படாதீர்கள் டீச்சர், உங்களுக்கு அருமையான பாடம் கிடைத்திருக்கிறது. நம் கடிகாரம் காட்டும் நேரம் நம் தலைக்கு மேல் இருக்கும் சூரியனின் நேரம் இல்லை. அது கிழக்கே 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். நாம் இருப்பது ஏறக்குறைய 100 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 80 நிமிட வித்தியாசம். அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால், ஒன்றரை மணிவாக்கில். 1981 டிசம்பர் 31 இரவு தீபகற்பத்தில் எல்லாரும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினோம், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. எனக்கு அப்போது 18 வயது. என் அப்பா சுவர்க்கடிகாரத்தின் முள்ளை விரலால் நகர்த்தியது நினைவிருக்கிறது. மறுநாள் காலை அவர் தோட்டத்துக்குப் போகும்போது முன்னைவிட இருட்டாக இருந்தது.

காலடியில் நிழல் விழுவதும் எல்லா நாளும் நடக்காது. பினாங்கு வட அகலாங்கு 5 பாகையை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் 3-ஐ ஒட்டியும் செப்டம்பர் 9-ஐ ஒட்டியும் ஆண்டுக்கு இரண்டு தடவைதான் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கோலாலம்பூர் வாசகர்களுக்கு அது மார்ச் 28, செப்டம்பர் 14-ஐ ஒட்டி வரும். அந்த நாளில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, 12 மணிக்கு முதல் கோடு போடச் சொல்லுங்கள். மேற்குப் பக்கமாகச் சுமார் 35 செண்டிமீட்டர் இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு. ஒரு மணிக்குப் பிறகு நிழல் குச்சியின் அடிக்குள் சுருங்கிக்கொண்டே வரும். காணாமல் போகும் நிமிடத்தை மாணவர்களே குறிக்கட்டும்.

முதல் கோடு போடுவதற்கு முன்னால், நிழல் எத்தனை மணிக்கு மறையும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுத வையுங்கள். முடிந்தால் அந்த நோட்டுகளில் நான்கைந்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். தப்பான பதில்களையும் சேர்த்து.